சென்னையை நடந்து பாக்க அச்சடிச்ச தெரு மேப் எது வாங்கலாம்? (அப்பாவுக்காக கேக்குறேன்)

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அப்பாவ கூட்டிக்கிட்டு மதுரைல இருந்து நாலு நாள் சென்னை வர்றேன். அப்பா 1970கள்ல மண்ணடில ஒரு இரும்புக் கடைல கணக்கு எழுதிக்கிட்டு ஆறு வருசம் இருந்தவரு, அந்தத் தெருவெல்லாம் திரும்ப ஒருக்கா நடந்து பாக்கணும்ங்கிறாரு, அப்படியே திருவல்லிக்கேணி, மயிலாப்பூரும் பாக்கலாம்னு இருக்கோம். போன்ல மேப் எடுத்துக் காட்டுனா ரெண்டு நிமிசத்துல கண்ணாடிய கழட்டிர்றாரு. "கதவிடுக்கு வழியா தெருவ பாக்குற மாதிரி இருக்குடா, மொத்தமா விரிச்சு வச்சு பாக்கணும்"னு சொல்றாரு. அவர் மடில வச்சுப் பாக்குற மாதிரி ஒரு காகித மேப் வேணும்.

இங்க ரெண்டு கடைல கேட்டேன். ஒரு கடைல தமிழ்நாடு ரோடு மேப் மட்டும்தான் இருந்துச்சு. இன்னொரு கடைல சென்னை மேப்னு ஒண்ணு குடுத்தாங்க, வீட்டுக்கு வந்து பிரிச்சா மண்ணடி இருக்கற ஜார்ஜ் டவுன் மொத்தமும் என் கட்டைவிரல் நகத்துக்குள்ள அடங்கிருச்சு. "மண்ணடி"ன்னு எழுத்து இருக்கு, தெரு ஒண்ணு கூட இல்ல. அப்பா அத ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மடிச்சு குடுத்துட்டாரு, எனக்கு மனசே கேக்கல. என்ன பாத்து வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அடையாறு ஆலமரம்:
சகோ, போன்லயே ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கங்க, இல்ல ஒரு டேப்லெட் வாங்கிருங்க. இப்ப யாரு காகித மேப் போடுறா? போட்டாலும் சென்னைல மெட்ரோ வேலைக்காக ரோட்ட மாத்தி மாத்தி விடுறாங்க, அச்சடிச்சு காயறதுக்குள்ள பழசாயிரும்.

வைகைக்கரை:
நீங்க சொல்றது வண்டி ஓட்டுறவங்களுக்கு சரி அண்ணே. நாங்க நடக்கப் போறோம். எந்த ரோடு ஒன்வேன்னு எங்களுக்கு தேவையில்ல, எந்தத் தெருவுக்கு அடுத்து எந்தத் தெருன்னு தெரியணும், அவ்வளவுதான். அப்பா மேப்ப கையில வச்சுக்கிட்டு அவரே எனக்கு வழி காட்டணும், அதுதான் என் ஆசை.

பழைய டிராயிங் போர்டு:
தம்பி, நான் முப்பது வருசத்துக்கு மேல டிராஃப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன், மேப் வரையறதுதான் பொழப்பு. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஸ்கேல் பாருங்க.

ஜார்ஜ் டவுன் கிழக்கு மேற்கா ஏறத்தாழ ஒண்ணரை கிலோமீட்டர் வரும். அது உங்க நகத்துக்குள்ள, அதாவது ஒண்ணரை சென்டிமீட்டருக்குள்ள அடங்குதுன்னா நீங்க வாங்கினது 1:1,00,000 வாக்குல இருக்கற மேப், ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். அதுல தெரு எப்படி தெரியும்? பத்தடி சந்த அதுல வரைஞ்சா முடிய விட மெல்லிசா வரும், அதனால விட்டுட்டு வரைவாங்க, அது அவங்க தப்பு இல்ல. நடக்கறவனுக்கு 1:10,000 வேணும், ஒரு சென்டிமீட்டர்னா நூறு மீட்டர், அப்பா நடைக்கு ஒண்ணரை ரெண்டு நிமிசம். மண்ணடி மாதிரி தெரு நெருக்கமா இருக்கற இடத்துக்கு 1:5,000 இருந்தா இன்னும் நல்லது. சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 ஷீட்டெல்லாம் 2017ல இருந்து இலவசமா இறக்கிக்கலாம், அருமையான மேப்தான், ஆனா அது ஊருக்கும் ஏரிக்கும் மலைக்கும், தெருவுக்கு இல்ல, யாராவது சொன்னாங்கன்னு அத எடுத்துறாதீங்க.

இன்னொண்ணு, முழு சென்னையும் ஒரே ஷீட்டுல கேக்காதீங்க. 2011ல மாநகராட்சிய விரிச்சப்ப 174 சதுர கிலோமீட்டரா இருந்தது 426 ஆச்சு. அத 1:10,000ல அடிச்சா நாலு சதுர மீட்டருக்கு மேல காகிதம் வேணும், டபுள் காட் கட்டில விட பெருசு. அதனாலதான் முழு ஊரு மேப்ல தெருவெல்லாம் காணாமப் போகுது. உங்களுக்கு வேணுங்கறது மூணு பேட்டை. மூணு பேட்டைக்கு மூணு ஷீட்டுன்னு தேடுங்க.

கடைல வாங்கறதுக்கு முன்னாடி விரிச்சுப் பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. விட்டா, உங்களுக்கு தெரிஞ்ச ஒரு சந்து அதுல இருக்கான்னு பாருங்க. அட்டைல "டீடெய்ல்டு"ன்னு போட்டிருக்கறத நம்பாதீங்க. அளவுகோல் பட்டை, அதான் கோடு போட்டு 0, 500 மீட்டர்னு எழுதியிருக்குமே, அது இல்லாத மேப்ப அப்படியே திருப்பிக் குடுத்துருங்க.

மாடவீதி மீனா:
டிராயிங் போர்டு சார் சொன்னதெல்லாம் சரி, ஆனா எனக்கு ஸ்கேல விட பேருதான் முக்கியம். வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்கள நான் வருசத்துக்கு நாலஞ்சு தடவ பழைய மெட்ராஸ் நடத்திக் கூட்டிட்டுப் போறேன், எல்லாரும் தடுமாறுறது பேருலதான்.

தம்பி, உங்க அப்பா எழுபதுகள்ல இருந்தவர்னா அவர் வாயில சைனா பஜார்னு வரும், மேப்ல என்.எஸ்.சி. போஸ் ரோடுன்னு இருக்கும். அவர் பிராட்வேம்பார், மேப்ல பிரகாசம் சாலை. ஃபர்ஸ்ட் லைன் பீச்சுன்னா ராஜாஜி சாலை. திருவல்லிக்கேணில பைகிராஃப்ட்ஸ் ரோடு இப்ப பாரதி சாலை, மயிலாப்பூர் பக்கம் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை, லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. பழசு, புதுசு ரெண்டு பேரையும் போட்டிருக்கற மேப்பா பாத்து வாங்குங்க, புதுப் பேர் பெருசா, பழைய பேர் சின்னதா. பழைய பேர் இல்லாத மேப் உங்களுக்கு வேணா வழி காட்டும், உங்க அப்பாவுக்கு அது வேற ஊரு மேப்பு.

இது ஒரு பக்கம்னா, தமிழ்ப் பேரும் இங்கிலீஷ் பேரும் வேற வேறயா இருக்கறது இன்னொரு பக்கம். மிண்ட் ஸ்ட்ரீட்னு மேப்ல இருக்கும், பஸ் போர்டுல தங்கசாலைன்னு இருக்கும். எலிஃபண்ட் கேட் யானைகவுனி, செவன் வெல்ஸ் ஏழுகிணறு, கோரல் மெர்ச்சண்ட் ஸ்ட்ரீட் பவளக்காரத் தெரு. இதெல்லாம் அர்த்தத்த வச்சு ஊகிச்சுரலாம், ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கு தமிழ்ல அரண்மனைக்காரன் தெரு, அங்க அரண்மனையும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆர்மேனியன்ங்கற சொல்லு ஜனங்க வாயில அப்படி திரிஞ்சுபோச்சு. இங்கிலீஷ் மேப்ப கையில வச்சுக்கிட்டு அரண்மனைக்காரன் தெருவத் தேடுனா எப்படி கிடைக்கும்? என் பெரியம்மா ஒரு தடவ அந்தோணியார் கோயிலுக்கு வந்தவங்க அந்தத் தெருவுலயே நின்னுக்கிட்டு அந்தத் தெரு எங்கன்னு கேட்டாங்க.

எம்.ஜி.ஆர். ஆட்சியில தெருப் பேர்ல சாதிப் பேர் கூடாதுன்னு ஆணை போட்டதால சில மேப்ல பின்பாதி இல்லாமலும் இருக்கும், அதனால இண்டெக்ஸ்ல முதல் பாதிய வச்சுத் தேடுங்க. இண்டெக்ஸ் பத்தி சொல்றப்போ, தெருப் பேருக்குப் பக்கத்துல பேட்டைப் பேரும், அது மேப்ல எந்தக் கட்டத்துல இருக்குங்கறதும் இருக்கணும். சென்னைல எத்தன பிள்ளையார் கோயில் தெரு, எத்தன காந்தி தெரு! வெறும் பேர மட்டும் அடுக்கி வச்ச இண்டெக்ஸ் ஒரு உபயோகமும் இல்ல.

ராயபுரம் ரயிலடி:
மீனாக்கா சூப்பரா சொன்னாங்க. நான் வடசென்னைக்காரன், ஒண்ணே ஒண்ணு சேத்துக்கறேன், மேப் எந்த வருசத்துதுன்னு கண்டுபிடிக்கறது. நெறய மேப்ல வருசமே போடமாட்டாங்க, இல்ல பழச அப்படியே அடிச்சு அட்டைய மட்டும் மாத்தி விடுவாங்க. அதனால ஸ்டேஷன வச்சுப் பாருங்க. மெட்ரோவே இல்லன்னா 2015க்கு முன்னாடி போட்டது. வண்ணாரப்பேட்டையோட மெட்ரோ நின்னுடுச்சுன்னா 2021 பிப்ரவரிக்கு முன்னாடி, ஏன்னா அப்பதான் விம்கோ நகர் வரைக்கும் விட்டாங்க. நீங்க மதுரைல இருந்து வர்றதால கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு இருக்கான்னும் பாருங்க, அது 2023 டிசம்பர் கடைசியில தொறந்தது. வெளியூர் பஸ்ஸுக்கு இன்னமும் பிராட்வே போட்டிருந்தா அது 2002க்கும் முன்னாடி, கோயம்பேடு வராத காலத்து மேப்.

ஆனா இதையும் சொல்லணும், மண்ணடிக்குள்ள நடக்கறதுக்கு அந்தப் பழைய மேப்பே போதும். அந்த தெருவெல்லாம் இடம் மாறல. பழைய புக் கடைல கிடைச்சா விடாதீங்க, அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் முக்கியமா, மேப்ல "பீச்" ஸ்டேஷன்னு இருக்கறத பாத்துட்டு கடல் பாக்கலாம்னு அங்க இறங்கிடாதீங்க. ஒரு காலத்துல கடல் அங்க வரைக்கும் இருந்துச்சு, ஹார்பர் கட்டினப்புறம் தள்ளிப்போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு. ராஜாஜி சாலைல நின்னா கிழக்கால ஹார்பர் மதில்தான், அலை சத்தம் கூட கேக்காது. கடல் பாக்கணும்னா மெரினாவுக்கு வாங்க. மண்ணடிக்குள்ள எது கிழக்குன்னு குழம்புனா மதியத்துக்கு மேல காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க, வெயில் நாள்ல கடக்காத்து கிழக்கால இருந்துதான் வரும், மேப்ல வலது கைப்பக்கம்.

அண்ணாநகர் அட்லஸ்:
ஷீட்டுன்னு எல்லாரும் சொல்றீங்க, நான் ஒத்துக்கமாட்டேன். பக்கம் பக்கமா இருக்கற அட்லஸ் புக்குதான் நடக்கறவங்களுக்கு நல்லது. பெரிய ஷீட்ட நடுரோட்டுல விரிக்க முடியுமா, அதுவும் லிங்கிச் செட்டித் தெருவுல? ரெண்டு பக்கமும் வண்டி, நடுவுல மூட்டை ஏத்துன ட்ரைசைக்கிள், நிக்கறதுக்கே இடம் இருக்காது. கடக்காத்துல ஷீட்டு படபடன்னு அடிச்சு மடிப்புல கிழிஞ்சுரும். மடிப்பு எப்பவும் நமக்கு வேணுங்கற தெரு மேலதான் விழும், நாலு தடவ பிரிச்சு மூடுனா அங்க எழுத்து உதிர்ந்து வெள்ளையாயிரும்.

பழைய டிராயிங் போர்டு:
அட்லஸ் தம்பி சொல்றதுல ஞாயம் இருக்கு, ஆனா புக்குல பக்கம் முடியற இடத்த கவனிச்சிருக்கீங்களா? நல்ல அட்லஸ்ல ஒரு பக்கத்தோட ஓரம் அடுத்த பக்கத்துலயும் கொஞ்சம் திரும்ப வரும், ஓரத்துல "தொடர்ச்சி 14ம் பக்கம்"னு நம்பர் இருக்கும். மோசமான அட்லஸ்ல தெரு நடு பைண்டிங்ல போய் முழுகிரும். அதோட பெரியவர் கேக்கறதே மொத்தமா விரிச்சுப் பாக்கத்தானே, பக்கத்த புரட்டுனா அதுவும் கதவிடுக்குதான். என் யோசனை, ரூம்ல விரிச்சுப் பாக்க ஒரு ஷீட்டு, கையில எடுத்துட்டுப் போக ஏ3ல ஒரு துண்டு.

கணக்கு போட்டுப் பாருங்க. ஏ3 காகிதம் 42க்கு 29.7 சென்டிமீட்டர். 1:5,000ல ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர், அப்ப 2.1 கிலோமீட்டருக்கு ஒண்ணரை கிலோமீட்டர் அதுல அடங்கும். ஜார்ஜ் டவுன் ஏறக்குறைய அப்படியே உக்காந்துரும். மயிலாப்பூர்ல குளம், மாடவீதி, கச்சேரி ரோடு வழியா சாந்தோம் வரைக்கும் இன்னொண்ணுல வந்துரும்.

ஏற்கனவே ஒரு நல்ல மேப் இருந்தா ஜெராக்ஸ் கடைல பெருசு பண்ணிக்கலாம், ஏ4ல இருந்து ஏ3க்கு 141 சதவீதம். 1:10,000 மேப் 1:7,000 கிட்ட வந்துரும். அப்போ மூலைல எழுதியிருக்கற விகிதம் பொய்யாயிரும், ஆனா அளவுகோல் பட்டை அதுவும் சேந்து பெருசாகறதால எப்பவும் உண்மை சொல்லும், பட்டை வேணும்னு நான் அதுக்குத்தான் சொன்னேன். ஆனா பெருசு பண்ணா எழுத்துதான் பெருசாகும், மேப்ல இல்லாத சந்து புதுசா வந்துராது.

முட்டுச்சந்து:
கடைல தேடி அலையறதுக்கு நீங்களே பிரிண்ட் போட்டுக்கலாம்ங்க. ஓபன்ஸ்ட்ரீட்மேப் இருக்கு, ஜனங்களே தெருத்தெருவா சேத்த மேப், 2015 வெள்ளத்தப்ப தண்ணில மூழ்கின ரோட்டையெல்லாம் அதுலதான் குறிச்சாங்க. மேப்ஓஎஸ்மேட்டிக்னு ஒரு சைட்ல உங்களுக்கு வேணுங்கற இடத்த கட்டம் போட்டு காகித அளவு சொன்னா, கட்டம் கிழிச்சு, தெரு இண்டெக்ஸோட பிடிஎஃப் தரும். பென்டிரைவ்ல கொண்டுபோய் டிஜிட்டல் பிரிண்ட் கடைல ஏ3 அடிச்சுக்கங்க. தடிமனான காகிதமா கேளுங்க. பளபளப்பு காகிதம் வேண்டாம், வெயில்ல கண்ணு கூசும், பென்சிலும் எழுதாது.

கடலோரக் காலை:
லேமினேஷன் பண்ணலாமா? சென்னை வேர்வைல காகிதம் ஊறிப்போகுமே.

மாடவீதி மீனா:
பண்ணாதீங்க, மடிக்க முடியாது. ரேஷன் கார்டு போடற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவர் போதும். பார்க்கவேண்டிய பக்கத்த வெளிய தெரியற மாதிரி மடிச்சு உள்ள சொருகிக்கங்க.

இன்னொரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. கடையில கிடைக்கற மேப்ப நம்பலாமான்னு சோதிக்க எனக்கு ஒரு இடம் இருக்கு, பெசன்ட் நகருக்கு வடக்கால அடையாறு முகத்துவாரத்துல உடைஞ்ச பாலம். அது பல வருசமா நடுவுல அறுந்து கிடக்கு. நான் பாத்த ஒரு மேப்ல அது முழு ரோடா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு ஓடுது, அத நம்பி ஒருத்தர் மயிலாப்பூர்ல இருந்து கடலோரமாவே பெசன்ட் நகர் நடந்துறலாம்னு கிளம்பிட்டாரு. சென்னைல அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் மூணும் குறுக்க ஓடுது. பாலம் எங்க இருக்குன்னு சரியா காட்டாத மேப், நடக்கறவங்கள கிலோமீட்டர் கணக்குல சுத்த விட்டுரும். நீலக் கோடு ரோட்ட வெட்டுற இடத்துல எல்லாம் பாலம் போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. முடிவு பண்ணிட்டேன், மண்ணடி, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் மூணுக்கும் ஏ3ல தனித்தனியா பிரிண்ட், ரூமுக்கு கடையில கிடைக்கற பெரிய ஷீட்டு ஒண்ணு. மீனாக்கா குடுத்த பழைய பேரையெல்லாம் நானே பேனால எழுதி எடுத்துட்டு வர்றேன். மண்ணடிக்கு எந்த நாள் போகட்டும்?

ராயபுரம் ரயிலடி:
ஞாயித்துக்கிழம காலைல போங்க, கடையெல்லாம் பூட்டியிருக்கும், தெரு அகலமா தெரியும், அப்பா நிதானமா நடக்கலாம். ஆனா மறுபடி திங்கக்கிழமயும் ஒரு நடை போங்க, மூட்டையும் சத்தமும் இல்லாத மண்ணடி அவருக்கு மண்ணடி மாதிரியே இருக்காது.

வைகைக்கரை:
போயிட்டு வந்துட்டோம். ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்ல முடியல, இங்கயே சொல்லிர்றேன்.

பெரிய ஷீட்டு வாங்குனது 1:20,000, டிராயிங் போர்டு ஐயா சொன்ன மாதிரி வாங்கறதுக்கு முன்னாடி கடைல விரிச்சுப் பாத்தேன். ஜார்ஜ் டவுன் ஏழெட்டு சென்டிமீட்டர் வந்துச்சு, பெரிய தெருவெல்லாம் இருந்துச்சு. அத ராத்திரி ரூம்ல கட்டில் மேல விரிச்சதோட சரி, வெளிய எடுக்கல. கையில இருந்தது ஏ3தான். பீச் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்ததும் அப்பா அத வாங்கி, மதில் பக்கம் முதுக காட்டி நின்னுக்கிட்டு, மேப்ப அதுக்கு தக்கன திருப்பிப் பிடிச்சாரு. அப்புறம் விரலால ஒவ்வொண்ணா தொட்டு எண்ண ஆரம்பிச்சாரு, "ஃபர்ஸ்ட் லைன் பீச்சு, செகண்ட் லைன் பீச்சு, லிங்கிச் செட்டி, தம்புச் செட்டி, அரண்மனைக்காரன், அப்புறம் பிராட்வே". நான் மேப்ப பாத்து சரி பாத்துக்கிட்டே வந்தேன், ஒண்ணு கூட வரிசை மாறல. அம்பது வருசமாச்சு.

காளிகாம்பாள் கோயில்ல கும்பிட்டுட்டு வடக்கால நடந்தோம். அவர் வேல பாத்த கடை இருந்த சந்து மட்டும் மேப்ல இல்ல. அப்பா விடல, தம்புச் செட்டித் தெருவுல இருந்து அடி எண்ணிக்கிட்டே போயி ஒரு எடத்துல திரும்புனாரு, சந்து இருந்துச்சு, கை நீட்டுனா ரெண்டு செவுரும் தொடலாம். கடை இருந்த எடத்துல இப்ப பைப் கொடவுன் இருக்கு. அங்கயே ஒரு படில உக்காந்து என்கிட்ட பென்சில் வாங்கி மேப்ல அந்த சந்த ஒரு கோடா இழுத்து பேர் எழுதுனாரு. கை நடுங்குச்சு, ஆனா கோடு நேரா இருந்துச்சு.

முட்டுச்சந்து அண்ணே, அந்த சந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல நானே சேக்கலாமா? ஒரு சந்தேகம், அப்பா சொல்ற பேர் ஒண்ணு, முனைல இருக்கற போர்டுல வேற பேர். எதப் போடறது?

முட்டுச்சந்து:
தாராளமா சேக்கலாம், ஒரு கணக்கு ஆரம்பிச்சா போதும், யார்கிட்டயும் கேக்க வேணாம். போர்டுல இருக்கறத பேரா போடுங்க, அப்பா சொன்னத "பழைய பேர்"னு போட தனியா ஒரு இடம் இருக்கு, அதுல எழுதுங்க. சந்து மறுமுனைல வழி இருக்கா, முட்டா? அதையும் பாத்திருந்தா சொல்லுங்க, சேத்து வரைஞ்சுரலாம்.

வைகைக்கரை:
வழி இருக்கு. நான் முட்டுன்னு நெனச்சேன், அப்பாதான் உள்ள நடந்து அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாரு. இன்னைக்கு ராத்திரி அவர பக்கத்துல உக்கார வச்சு வரைஞ்சுர்றேன்.